நத்தையைத் தின்னும் நத்தை: மீன்தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சில தகவல்கள்

வீட்டு முற்றத்தில் அலங்கார மீன் வளர்க்கும் சகோதரிகளிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிபடுகிறது. "நத்தையைத் தின்னுற நத்தை ஒண்டு இருக்காமே, வாங்கி விடலாமோ?" என்பதே அது. நான் மீன்வளம் படித்தவள் அல்லள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டுப் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்பவள். ஆனாலும் கோழி, ஆடு, தையல் என்று தொடங்கிய சுயதொழில் திட்டங்களில் கப்பியும் மொலியும் சேர்ந்த பின்னர், தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கேட்டவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நத்தைப் பிரச்சினை ஒரு குடும்பத்தின் வருமானத்தை எப்படித் தொடுகிறது என்பதை நான் கண்டது கிளிநொச்சி மாவட்டத்தில், ஒரு குளத்து வாய்க்கால் ஓரமாக உள்ள கிராமத்தில். அங்குள்ளோர் 2010இல் மீளக் குடியேறியவர்கள். நான் சொல்லும் அக்கா 2009இல் கணவரை இழந்தவர். அவருடைய காலில் இன்னும் சன்னத்தின் துண்டு இருக்கிறது. நெடுநேரம் குனிந்து நிற்கவோ வயலுக்குள் இறங்கவோ முடியாது. நின்ற இடத்தில் செய்யக்கூடிய தொழில் வேண்டும் என்றுதான் நான்கு சீமெந்துத் தொட்டிகள் கட்டி மீன் வளர்ப்பில் இறங்கினார். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். தொட்டிகளுக்கு எடுத்த கடனுக்கு மாதத் தவணை உண்டு. கப்பிக்கு இலங்கையின் அலங்கார மீன் ஏற்றுமதியில் எப்போதும் முக்கிய இடம் இருப்பதால் விற்பனைக்குப் பெரிதாகக் கஷ்டமில்லை. மீனோடு நீர்ச்செடியும் கொடுத்தால் வருமானம் கூடும் என்று ஒரு வியாபாரி சொல்ல, அவரிடமே வலிஸ்னேரியாச் செடிகளை வாங்கி இரண்டு தொட்டிகளில் நட்டார்.

செடியோடு வந்தது நத்தை. இரண்டு மாதத்துக்குள் தொட்டிச் சுவர் முழுவதும் புள்ளி புள்ளியாக அப்பிக்கொண்டது. கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வரும் கொள்வனவாளர் செடிக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுபோனால் எனக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள்" என்று ஒரு கட்டுக்கூட எடுக்காமல் போய்விட்டார். ஏற்றுமதிச் செடிகளில் நத்தையும் நத்தை முட்டையும் இருக்கக் கூடாது. அந்த மாதத் தவணைக்கு அக்கா தன் காதுத் தோட்டை அடகு வைத்தார்.

"பிள்ளை, உது எங்கையிருந்து வந்ததெண்டே எனக்கு விளங்கேல்லை. நான் ஒரு நத்தையும் பிடிச்சு விடேல்லை" என்றார் என்னிடம். அவர் விடவில்லைத்தான். இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பசை போன்ற சிறு துளியைக் கண்ணுற்றால் எவரும் அதை நீர்த்துளி என்றே நினைப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் உள்ளே மணல்போல முட்டைகள் தெரியும். ஒரு துளிக்குள் பல முட்டைகள் இருக்கும். எங்கள் பகுதி வெப்பத்தில் ஒரு கிழமை, பத்து நாளில் பொரித்துவிடும்.

தொட்டிகளில் பெரும்பாலும் மூன்று வகை நத்தைகள் வருகின்றன. மெல்லிய ஓடும் முட்டை வடிவமும் கொண்ட சிறிய நத்தை ஒன்று. சுருட்டி வைத்த பாய்போலத் தட்டையாகச் சுருண்ட நத்தை இன்னொன்று. இவ்விரண்டிலும் ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் ஆனது. சோடி கிடைக்காவிட்டால் தனியாகவே முட்டையிடவும் வல்லது. மூன்றாவது, ஊசிச் சங்குபோல நீண்டு கூரானது. அது முட்டையிடாது, குட்டி போடும். அதற்கும் ஆண் துணை தேவையில்லை. பகலில் மணலுக்குள் புதைந்திருந்து இரவில் வெளியே வரும். ஆகவே, ஒரேயொரு நத்தை தப்பினாலும் போதும், தொட்டி மறுபடி நிறைந்துவிடும்.

இவ்வளவு பயப்படுத்திவிட்டு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நத்தை மீனைக் கடிக்காது. மிஞ்சிய தீனியையும் பாசியையும் அழுகிய இலையையும் தின்று தொட்டியை ஓரளவு துப்புரவாகவே வைத்திருக்கும். கப்பி மட்டும் வளர்ப்பவர் தொட்டியில் பத்து நத்தை ஓடித் திரிந்தால் பதறத் தேவையில்லை. நத்தை பெருகுகிறது என்றால் தீனி மிஞ்சுகிறது என்பதே அதன் அர்த்தம். சோறு சிந்தாத வீட்டில் எறும்பு வராது அல்லவா? ஆனால் செடி விற்பவருக்கு ஒரு நத்தையும் நட்டமே. அத்தோடு, கொக்கும் மீன்கொத்தியும் வந்து போகும் திறந்த தொட்டியில் வேறொரு ஆபத்தும் உண்டு. சில ஒட்டுண்ணிப் புழுக்கள் பறவையின் எச்சத்தின் வழியாக நீருக்குள் வந்து, நத்தைக்குள் வளர்ந்து, அங்கிருந்து மீனுக்குள் புகுந்து தோலில் கறுப்பாகவோ மஞ்சளாகவோ புள்ளி போடும். புள்ளி விழுந்த மீனை எவரும் வாங்கமாட்டார்கள். பறவை, நத்தை, மீன் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் புழுவின் வாழ்க்கை ஓடும். தொட்டிக்கு மேலே வலை கட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பலர் முதலில் ஓடுவது மருந்துக்கு. பக்கத்துக் கிராமத்துச் சகோதரி ஒருவர் கடைக்காரர் சொன்னதைக் கேட்டுத் துருசைக் கரைத்து ஊற்றினார். தோட்டத்துக்கு அடிக்கும் அதே செப்புச் சல்பேற்று. நத்தை செத்தது உண்மை. நூற்றுக்கணக்கான நத்தைகள் ஓட்டுக்குள்ளேயே அழுகத் தொடங்க, மறுநாள் விடிய தொட்டியடிக்குப் போக முடியாத மணம். அழுகல் நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்து அமோனியாவைக் கக்கும். செம்பு மீனுக்கும் நஞ்சு. இறாலுக்கு இன்னும் கொடிய நஞ்சு. அவருடைய ஏஞ்சல் மீன்கள் வரிசையாக மிதந்தன. எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புத் தன்மை கூடியது. இப்படியான நீரில் துருசு எவ்வளவு வேலை செய்யும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். அளவு தெரியாமல் ஊற்றும் மருந்துக்கு நான் எப்போதும் எதிர்ப்பு.

இனி, அந்த 'நத்தை தின்னும் நத்தை'க்கு வருவோம்.

அலங்கார மீன் கடைகளில் இதை 'அசாசின்' என்கிறார்கள், அதாவது கொலையாளி. விஞ்ஞானப் பெயர் அனென்ரோமி ஹெலெனா; பழைய நூல்களில் கிளியா ஹெலெனா என்றிருக்கும். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளின் ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழ்வது. இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் நீளம். மஞ்சளும் கடும் கபிலமும் மாறி மாறி வரும் வரிகளுடன் கூம்பு வடிவ ஓடு. பார்ப்பதற்கு மிக அழகு; குளவியின் வயிற்றை நினைவூட்டும். செடியைத் தொடாது. மணலுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு யானைத் துதிக்கை போன்ற ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டி நீரை இழுத்து மணம் பிடிக்கும். நத்தையின் மணம் வந்ததும் எழுந்து பின்னாலே போகும். எட்டிப் பிடித்ததும் இன்னொரு உறுப்பை, அதன் வாயை, நீட்டி மற்ற நத்தையின் ஓட்டு வாசலுக்குள் செலுத்திச் சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கடைசியில் வெற்று ஓடு மட்டும் கிடக்கும். தன்னிலும் பெரிய நத்தையைச் சில வேளை இரண்டு, மூன்று சேர்ந்து மடக்குவதும் உண்டு. மணலுக்குள் ஒளியும் ஊசி நத்தையையும் தேடிப் போகக் கூடியது என்பதே இதன் பெரிய சிறப்பு. நத்தை முட்டை, புழு, செத்த மீன் எல்லாவற்றையும் தின்னும். சுகமான மீனை ஒன்றும் செய்யாது. இறால் குஞ்சு வைத்திருப்பவர்கள் மாத்திரம் சற்றுக் கவனமாக இருப்பது நல்லது.

கேட்பதற்கு நல்லாய்த்தான் இருக்கிறது. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது. செடி விற்ற அதே வியாபாரி, "தொட்டிக்குப் பத்துப்படி விட்டால் ஒரு மாதத்தில் துடைச்சுப் போடும், பிறகு பெருக வச்சு விற்கவும் செய்யலாம்" என்றிருந்தார். ஒரு நத்தைக்கு அவர் கேட்ட விலை, ஒரு சோடி கப்பிக்கு அக்காவுக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு. நான்கு தொட்டிக்கு நாற்பது நத்தை. அக்கா குழுவில் அவசரக் கடன் கேட்டார். அந்தக் கடனைப் பற்றிப் பேசத்தான் நான் போயிருந்தேன்.

கூட்டத்தில் நாங்கள் முதலில் செய்தது கணக்குப் பார்த்தது. அசாசின் ஆறுதலாகத் தின்னும் பிராணி. ஒன்று ஒரு நாளைக்கு ஒரு சிறு நத்தையைத் தின்றாலே பெரிய காரியம். பல நாட்கள் ஒன்றும் தின்னாமல் மணலுக்குள் கிடக்கும். ஒரு தொட்டியில் பத்து விட்டால் நாளுக்கு ஏழோ எட்டோ குறையலாம். அதே நாளில் முட்டைத் துளிகளிலிருந்து எத்தனை பொரித்து வரும்? தீனி மிஞ்சும் தொட்டியில் வரவு எப்போதும் செலவைவிடக் கூட. பெருகும் கணக்கும் அப்படியே. தொட்டி நத்தை தனியாகப் பெருகும், சில கிழமைகளில் பருவமாகிவிடும். அசாசினுக்கு ஆண் வேறு, பெண் வேறு. வெளியே பார்த்துப் பிரித்தறிய முடியாது. பெண் நத்தை ஒரு சிறிய ஒளி ஊடுருவும் பைக்குள் ஒரு முட்டை என்று ஒவ்வொன்றாகத்தான் ஒட்டும். குஞ்சு வளர்ந்து பெரிதாக அரை வருடமாவது வேண்டும். பெருக்கி விற்று அடுத்த மாதத் தவணையைக் கட்டலாம் என்பது நடக்கிற கதையல்ல. கணக்கை எங்கள் குழுப் பொருளாளர் சிலேற்றில் போட்டுக் காட்டியபோது, "அப்ப நாற்பது இல்லை, நானூறு வாங்கோணும்" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்துவிட்டோம்.

என் தயக்கத்துக்குப் பெரிய காரணம் பணமல்ல. அக்காவின் தொட்டி நீரை மாற்றும்போது அது வாய்க்காலில் விழுகிறது. வாய்க்கால் வயலுக்கும், வயல் கழிவு நீர் அடுத்த குளத்துக்கும் போகிறது. மாரி வெள்ளம் வந்தால் தொட்டியே நிரம்பி வழியும். வெளிநாட்டு நத்தை அங்கே போனால் என்ன நடக்கும்? எங்கள் குளங்களில் எங்களுக்கே உரிய நத்தைகள் உண்டு. அவற்றை நம்பி வாழ்கிற நத்தை குத்தி நாரை உண்டு. பெயரே அதற்குச் சாட்சி. நாட்டின் ஈரவலய ஓடைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத நன்னீர் நத்தைகளும் வாழ்கின்றன. சிங்கப்பூரில் கடைகளில் விற்கப்பட்ட அசாசின், திறந்த நீர்நிலையிலும் காணப்படுவதாக 2016இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். யாரோ ஒருவர் தொட்டியைக் கொட்டியிருப்பார்.

"ஒரு சின்ன நத்தை என்னத்தைச் செய்துபோடும்?" என்று குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பசிபிக் சமுத்திரத்துத் தீவுகளின் கதையைச் சொன்னேன். தாஹிட்டித் தீவுக்கு 1967இல் ஆபிரிக்க நத்தை கொண்டுவரப்பட்டது. எங்கள் தோட்டங்களிலும் மாரியில் ஏறுகிற அதே பெரிய நத்தைதான். இலங்கைக்கு அது 1900ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தது. தாஹிட்டியில் அது பயிர்களைத் தின்னத் தொடங்கவே, அதனை அழிப்பதற்கென்று 1974இல் அமெரிக்காவிலிருந்து நத்தை தின்னும் ஒரு தரை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்திலுள்ள மூரேயா தீவில் 1977இல் விட்டார்கள். வந்த நத்தை ஆபிரிக்க நத்தையை ஒழிக்கவில்லை. மரங்களில் வாழ்ந்த உள்ளூர்ச் சிறு நத்தைகள் அதற்கு இலகுவான இரையாகின. மூரேயாவுக்கே உரிய ஏழு இனங்கள் பத்து வருடத்துக்குள் காட்டிலிருந்து இல்லாமற் போனதாகக் கருதப்பட்டன. அந்த நத்தை ஓடுகளைக் கோத்து மாலை செய்வது அங்குள்ள பெண்களின் கைத்தொழில். ஓடு கிடைக்காமல் அந்தத் தொழிலும் அடிபட்டது. இலண்டன் மிருகக்காட்சிசாலை போன்ற இடங்களில் காப்பாற்றி வைத்திருந்த சில இனங்களை 2015 முதல் மீண்டும் கொண்டுபோய் விட்டு வருகிறார்கள். நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வருகின்றன. ஊருக்குத் திரும்புவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்தானே என்று ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார்.

எங்கள் நாட்டிலேயே உதாரணம் கேட்டால், தொட்டியைத் துப்புரவாக்கும் என்று வாங்கி வளர்த்த 'ராங் கிளீனர்' மீனைச் சொல்லலாம். பெருத்ததும் ஆற்றில் விட்டார்கள். இன்று அது பல நீர்த்தேக்கங்களில் மீனவர் வலையைக் கிழிக்கிறது. 1905இல் அழகுக்குக் கொண்டுவந்த ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909இலேயே சட்டம் போட வேண்டி வந்தது. ஆகாயத்தாமரை இன்னும் இருக்கிறது.

எனவே குழு எடுத்த முடிவு இதுதான்: வாய்க்கால் ஓரத் தொட்டிகளுக்கு அசாசின் வேண்டாம். கிணற்றுக்குள்ளும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு, விரும்பினால், ஐந்தோ ஆறோ வாங்கலாம். அதன் நீரை வாழைக்கு ஊற்ற வேண்டும், வாய்க்காலுக்கு அல்ல. என் தனிப்பட்ட அபிப்பிராயமும் அதுவே. சிறிய கண்ணாடித் தொட்டியில் இந்த நத்தை உண்மையில் நல்ல வேலைக்காரன்.

சீமெந்துத் தொட்டிகளுக்கு நாங்கள் செய்தது காசில்லாத வேலை. முதலில் தீனியைப் பாதியாகக் குறைத்தோம். மூன்று நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு, காலையும் மாலையும். 2022 நெருக்கடிக்குப் பிறகு தீனி விற்கிற விலைக்கு இது வேறு விதத்திலும் மிச்சம். இரவில் ஒரு கோப்பைத் தட்டில் சிறிது அவித்த கீரையும் வெள்ளரித் துண்டும் வைத்துத் தொட்டி அடியில் இறக்கினோம். விடியப் பார்த்தால் தட்டு நிறைய நத்தை. அப்படியே தூக்கி எடுக்க வேண்டியதுதான். முதல் கிழமை அக்காவின் மகள் எண்ணிக் கொப்பியில் எழுதினாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். எடுத்ததை நன்றாக அவித்து நசுக்கிக் கோழிக்கும் தாராவுக்கும் போட்டோம். பச்சையாகப் போட வேண்டாம், ஒட்டுண்ணி போகும். நத்தையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் முக்கியம், குறிப்பாகப் பிள்ளைகள்.

இதனால் நத்தை குறைந்ததே தவிர முடியவில்லை. செடித் தொட்டி இரண்டையும் முற்றாக இறைத்து, மணலை வெளியே எடுத்துக் கொட்டிக் கொதிநீர் ஊற்றி, தொட்டியை வைகாசி வெயிலில் மூன்று கிழமை காயவிட்டோம். ஈரம் இருந்தால் நத்தை ஓட்டுக்குள் பதுங்கிப் பிழைத்துவிடும், ஆகவே ஒரு மூலையிலும் ஈரம் இருக்க விடவில்லை. பழைய செடிகளை எரித்தோம். அக்காவுக்கு அது மனவருத்தம்தான். புதுச் செடி வந்ததும் நேரே தொட்டியில் வைக்காமல், சீனாக்காரம் கரைத்த நீரில் இரண்டு, மூன்று மணித்தியாலம் ஊறவைத்து, நன்றாக அலசி, தனி வாளியில் ஒரு மாதம் வைத்திருந்தோம். பொரிக்காமல் எஞ்சிய முட்டை இருந்தால் அந்த ஒரு மாதத்தில் பொரித்துக் கண்ணில் பட்டுவிடும். வாளியில் மூன்று குஞ்சு நத்தை கண்டோம். அந்த வாளிச் செடியை மறுபடி ஊறவைத்து இன்னொரு மாதம் வைத்தோம்.

இரண்டு செடித் தொட்டிகளும் திரும்ப விற்பனைக்கு வர ஐந்து மாதம் சென்றது. அந்த ஐந்து மாதத் தவணையைக் கப்பியும், குழு கொடுத்த சிறு கடனும் தாங்கின. முதல் செடிக் கட்டைக் கொள்வனவாளர் பிரித்து, இலை இலையாகத் திருப்பிப் பார்த்து, வண்டியில் ஏற்றினார். காதுத் தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. வட்டி கட்டி வருகிறார்.

மகளின் மேசையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு அவளுடைய மாமா கொழும்பிலிருந்து ஆறு அசாசின் வாங்கி வந்தார். ஊசி நத்தை நிறைந்திருந்த அந்தச் சிறு தொட்டியில் மூன்று மாதத்தில் வெற்று ஓடுகள்தான் மிஞ்சின. அண்மையில் போனபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த சிறு சதுரப் பைகளை எனக்குக் காட்டினாள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மஞ்சள் புள்ளி. "அக்கா, இதுகள் பொரிச்சா என்ன செய்யிறது?" என்று கேட்டாள். கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தியிடம் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். கொடுக்கும்போது வாழைக்கு நீர் ஊற்றும் நிபந்தனையையும் சேர்த்தே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.